விசிறி ஏன் இரைகிறது? கணினியைச் சூடாக்காமல் சத்தத்தைக் குறைக்கும் வழி

சித்திரை பிறந்துவிட்டால் திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்து அலுவலகங்களில் ஒரு புகார் தவறாமல் எழுகிறது. மார்கழியில் ஓடுவதே தெரியாமல் இருந்த கணினி, இப்போது எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாத அளவுக்கு இரைகிறது. உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். விசிறி போய்விட்டது, மாற்றிவிடு என்பார் ஒருவர். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வை என்பார் இன்னொருவர். கூடுதலாக ஒரு விசிறி போட்டால் சூடு குறையும், ஆனால் சத்தம் இரட்டிப்பாகும் என்று எச்சரிப்பார் மூன்றாமவர். சிலர் பொறுக்க முடியாமல் விசிறியின் வேகத்தை ஒரேயடியாகக் குறைத்துவிடுகிறார்கள். பிறகு மதிய வேளையில் கணினி தவழ்கிறது. வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்கிறார்கள்.

இந்த யோசனைகளில் பாதி உண்மை உண்டு, மீதிப் பாதி தவறு. பெட்டிக்குள் பிறக்கும் சூடு எந்த வழியில் வெளியேறுகிறது என்பது தெரியாமல் பேசுவதால் வரும் குழப்பம் இது. அந்த வழி புரிந்துவிட்டால், பெரும்பாலான இரைச்சலைக் காசு செலவில்லாமலே போக்கலாம். பில் போடுபவர், பனியன் பேட்டர்ன் வரைபவர், எம்பிராய்டரி டிசைன் போடுபவர் எல்லோரும் நாள் முழுவதும் அந்தப் பெட்டியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பழகிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் சில பெயர்களை உறுதிசெய்துகொள்வோம். மொத்தப் பெட்டியைக் கேபினெட் என்கிறேன். அதற்குள் கணக்குப் போடும் முதன்மைச் சில்லு புராசஸர். படம், வீடியோ, விளையாட்டு ஆகியவற்றைக் கவனிக்கும் தனி அட்டை கிராபிக்ஸ் கார்டு. எல்லாக் கணினியிலும் இது இருக்காது. வீட்டு மின்சாரத்தை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி எஸ்எம்பிஎஸ். விசிறிகள் பெரும்பாலும் இந்த மூன்றின் மேலும் கேபினெட்டின் முன்புறம், பின்புறத்திலும் இருக்கும்.

## தோட்டத்துத் தொட்டி

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் நீரை முதலில் ஒரு தொட்டியில் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியின் அடியில் ஒரு மடை. அதன் வழியே நீர் வாய்க்காலுக்குப் போகும். மோட்டாரைப் போட்டதும் நீர்மட்டம் ஏறத் தொடங்குகிறது. மட்டம் ஏற ஏற, மடை வழியே பாயும் நீரின் வேகமும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் விழும் நீரும் வெளியேறும் நீரும் சமமாகிவிடுகின்றன. மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மட்டம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

கணினியின் சூடும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. மோட்டார் கொட்டும் நீர்தான் கணினி உண்ணும் மின்சாரம். அது வாட் கணக்கில் அளக்கப்படுகிறது. நொடிக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதைச் சொல்லும் அளவு அது. கணினி உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகவே மாறுகிறது. நீர்மட்டம்தான் வெப்பநிலை. மடையின் அகலம், சூடு வெளியேறுவதற்கு இருக்கும் வழி. வாய்க்காலில் ஏற்கெனவே நிற்கும் நீரின் மட்டம், அறையின் வெப்பநிலை.

வாய்க்கால் நிரம்பி நிற்கும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மோட்டார் அதேதான், மடையும் அதேதான். ஆனாலும் வாய்க்கால் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்குத் தொட்டியின் மட்டமும் உயர்ந்தே தீரும். மார்கழிக் காலையில் அறை 22 டிகிரி, சித்திரை மதியம் 37 டிகிரி என்று வைத்துக்கொண்டால் இடையே 15 டிகிரி வித்தியாசம். அதே வேலையைச் செய்யும் அதே புராசஸர் 60 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போகிறது. எதுவும் பழுதாகவில்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்கள் என்று செய்தியில் வாசிக்கும்போது கரூர் பரமத்தி, ஈரோடு, சேலம் என்று நம் ஊர்ப் பெயர்கள்தான் அடிக்கடி வருகின்றன. அந்த வெயிலை எந்த விசிறியாலும் மாற்ற முடியாது. எவ்வளவு பெரிய விசிறி போட்டாலும் கணினி அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. வாய்க்கால் மட்டத்துக்குக் கீழே தொட்டி வடியாதல்லவா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புராசஸரிலிருந்து அறை வரை ஒரே மடை இல்லை; வரிசையாகப் பல மடைகள். சில்லின் சூடு அதன் உலோக மூடிக்குப் போகிறது. அங்கிருந்து தெர்மல் பேஸ்ட் வழியே ஹீட்சிங்குக்கு. தெர்மல் பேஸ்ட் என்பது இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளை நிரப்பும் பசை. ஹீட்சிங்க் என்பது சூட்டை வாங்கி மெல்லிய தகடுகளில் பரப்பும் அலுமினியம் அல்லது செம்புக் கட்டி. அந்தத் தகடுகளுக்கு இடையே பாயும் காற்று சூட்டை எடுத்துக்கொள்கிறது. கேபினெட்டின் காற்று அதை வெளியே கொண்டுபோகிறது. இவற்றில் எந்த மடை குறுகலோ அங்கேதான் நீர் தேங்கும். பேஸ்ட் காய்ந்துபோன கணினியில் விசிறியை விரட்டுவதால் பயன் மிகக் குறைவு என்பதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை சொன்னது: சூடு பிறக்கும் அளவு, அது வெளியேறும் வழி, அறையின் சூடு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் வெப்பநிலையை முடிவு செய்கின்றன. விசிறி அந்த வழியின் கடைசிப் பகுதியில் மட்டும் வேலை செய்கிறது.

## எவ்வளவு காற்று வேண்டும்

பலரும் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1.2 ஜூல் ஆற்றல் போதும். கணினி 200 வாட் உண்கிறது, கேபினெட் வழியே நொடிக்கு 20 லிட்டர் காற்று போகிறது என்று கொள்வோம். உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று சுமார் 8 டிகிரி சூடாக இருக்கும். 12 செ.மீ. விசிறிகள் இரண்டு நிதானமாகச் சுற்றினாலே ஏறத்தாழ இவ்வளவு காற்று கிடைத்துவிடும்.

காற்றை இரட்டித்து 40 லிட்டர் ஆக்கினால் அந்த 8 டிகிரி 4 ஆகிறது. மீண்டும் இரட்டித்து 80 ஆக்கினால் 2. முதல் முறை இரட்டித்தபோது 4 டிகிரி லாபம், அடுத்த முறை 2 டிகிரி மட்டுமே. மேலே போகப் போக லாபம் சுருங்குகிறது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை சுருங்குவதில்லை.

## சத்தம் எங்கே பிறக்கிறது

விசிறியின் வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அளக்கிறார்கள். ஆர்பிஎம் என்பது அதன் சுருக்கம். சத்தத்தின் அளவு டெசிபல். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்குச் சத்தமாகத் தோன்றும்.

ஒரு விசிறியின் வேகத்தை இரட்டித்தால் காற்றும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. சத்தம் சுமார் 15 டெசிபல் கூடுகிறது. காதுக்கு அது மூன்று மடங்குக்கு அருகில். விசிறி உண்ணும் மின்சாரமோ எட்டு மடங்காகிறது. இறக்கைகள் காற்றைக் கிழிக்கும்போது உண்டாகும் சுழல்களே இரைச்சலின் பெரும்பகுதி. வேகம் கூடும்போது அந்தச் சுழல்களின் ஆவேசம் வேகத்தைவிட விரைவாகக் கூடுகிறது.

இதிலிருந்து, கேட்பவர்கள் நம்ப மறுக்கும் ஒரு முடிவு கிடைக்கிறது. ஒரே சத்தமுள்ள இரண்டு விசிறிகளைச் சேர்த்தால் சத்தம் இரட்டிப்பாகத் தோன்றுவதில்லை. 3 டெசிபல்தான் கூடும். ஆகவே முழு வேகத்தில் ஓடும் ஒரு விசிறிக்குப் பதிலாக, பாதி வேகத்தில் ஓடும் இரண்டு விசிறிகளை வைத்தால் என்ன ஆகும்? பாதி வேகத்தால் 15 டெசிபல் குறைவு, இரண்டாக இருப்பதால் 3 கூடுதல்; நிகரம் 12 டெசிபல் குறைவு. காற்று கிட்டத்தட்ட அதேதான். காதுக்குச் சத்தம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. விசிறி கூடினால் சத்தம் கூடும் என்பது, எல்லாமே முழு வேகத்தில் ஓடினால் மட்டுமே உண்மை. 8 செ.மீ. விசிறியைவிட 12 செ.மீ., அதைவிட 14 செ.மீ. அமைதியாக இருப்பதற்கும் இதே காரணம்: பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளிவிடும்.

சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அதன் குணமும் முக்கியம். சீரான மெல்லிய இரைச்சலைக் காது சிறிது நேரத்தில் மறந்துவிடும். ஏறி இறங்கும் சத்தத்தைக் காதால் மறக்க முடியாது. 1,200 சுற்றில் ஒரு விசிறியும் 1,210 சுற்றில் பக்கத்து விசிறியும் ஓடினால், இரண்டு ஒலிகளும் நொடிக்கு ஒரு முறை போலச் சேர்ந்து பெருகி அடங்கும். எத்தனை டெசிபல் என்று அளந்தால் குறைவுதான். ஆனால் அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். ஒரு விசிறியின் வேகத்தை நூறு சுற்று தள்ளி வைத்தால் அந்தத் துடிப்பு மறைந்துவிடும்.

சுருக்கமாக: சத்தம் விசிறியின் எண்ணிக்கையால் வருவதைவிட அதன் வேகத்தால்தான் வருகிறது. விசிறி வேகமெடுக்க வேண்டிய தேவையை நீக்குவதுதான் நம் வேலை. விசிறியை மட்டும் பிடித்து அடக்குவது தீர்வாகாது.

## எத்தனை டிகிரி வரை கவலை வேண்டாம்

புராசஸர் 70 டிகிரியைத் தொட்டால் பதறுகிறவர்கள் நிறையப் பேர். இன்றைய மேசைக் கணினிப் புராசஸர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 95 அல்லது 100 டிகிரி. அந்த வரம்பை நெருங்கினால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். இதைத்தான் த்ராட்லிங் என்கிறார்கள். மதிய வேளையில் கணினி தவழ்வதாக மேலே சொன்னேனே, அது பெரும்பாலும் இதுதான்.

கடுமையான வேலையின்போது 75, 80 டிகிரி இருந்தால் நான் தொடவே மாட்டேன். 85க்கு மேல் நெடுநேரம் நின்றால் காரணம் தேடுவேன். 80இலிருந்து 65க்குக் கொண்டுவந்தால் கணினி வேகமாகிவிடும் என்ற நம்பிக்கைக்குப் பெரும்பாலான வேலைகளில் ஆதாரமில்லை. அந்த 15 டிகிரிக்காக நீங்கள் செலுத்துவது சத்தம். ஹார்ட் டிஸ்க் மட்டும் விதிவிலக்கு. அதை 50 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பது நல்லது.

## பஞ்சு

நம் பக்கத்துக் கணினிகளுக்கு வெயிலைவிடப் பெரிய பகை பஞ்சுதான். நிட்டிங் ஓடும் இடம், துணி வெட்டும் மேசை, சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடம், நூல் மில்லை ஒட்டிய வீடு என எங்கே வைத்தாலும் காற்றில் நூல் பிசிறு மிதக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று செம்மண் தூசியையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. வெறும் தூசி தகட்டில் படியும், பிசிறோ பின்னிக்கொள்ளும்.

இதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். திருப்பூரில் ஒரு தையல் கூடத்தின் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு திறக்காமல் இருந்த கேபினெட்டைத் திறந்தால், முதல் பார்வைக்குப் புராசஸர் விசிறி அவ்வளவு மோசமாகத் தெரியாது. இறக்கைகளின் முன் விளிம்பில் மட்டும் ஒரு சாம்பல் கோடு. கொக்கியை விடுவித்து விசிறியைத் தூக்கினால்தான் உண்மை தெரியும். விசிறிக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே, சில மில்லிமீட்டர் தடிமனில், விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே அடுக்காகப் பஞ்சு படர்ந்திருக்கும். விரலால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுவதுமாக உரிந்து வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சாம்பலுக்கு இடையே சிவப்பும் நீலமுமாக நூல் பிசிறுகள் தெரியும். அந்த அடுக்குக்குக் கீழே தகடுகள் புதிதுபோல் பளபளக்கும். காற்று அங்கே போகவே இல்லை. அந்த விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அடைபட்ட மடைக்கு முன்னால்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியிலிருந்து காற்றை ஊதிவிட்டு, சுத்தம் செய்தாயிற்று என்று கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. அப்படி ஊதினால் அந்த அடுக்கு அசையாது. சில நேரம் தகடுகளுக்குள் இன்னும் இறுகிப்போகும். விசிறியைக் கழற்றாமல் செய்யும் சுத்தம் சுத்தமே அல்ல.

செய்யும் முறை எளிது. கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். கேபினெட்டை வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துப்போங்கள். விசிறியைத் தூக்கி, பஞ்சைக் கையால் எடுத்து, மிச்சத்தைப் பெயின்ட் பிரஷால் தட்டி, பிறகு கை புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது எந்த விசிறியையும் சுற்ற விடாதீர்கள். விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், புளோவர் காற்றில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் வேண்டாம், அதன் குழாயில் தண்ணீர் சேர்ந்திருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே கூடாது. கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றம் தங்கியிருக்க முடியும். வெளியிலிருந்து ஊதுவது மட்டும் போதும்.

பஞ்சு பறக்கும் இடமென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யச் சொல்வேன். மற்ற இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை போதும். காற்று நுழையும் முன்புறத்தில் கழற்றக்கூடிய வலை வடிகட்டி இருந்தால் இன்னும் நல்லது; வாரம் ஒரு முறை அதைத் துடைத்தால் உள்ளே போவது வெகுவாகக் குறையும்.

சுத்தம் செய்தும் சூடு குறையவில்லை என்றால் ஹீட்சிங்கை லேசாக அசைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் ஊசிகளால் மதர்போர்டில், அதாவது எல்லா உறுப்புகளும் இணையும் முதன்மைப் பலகையில், மாட்டும் வகையில் ஒரு ஊசி கழன்றிருப்பது சாதாரணம். அதுவும் சரியென்றால் பேஸ்ட்டை மாற்றலாம். பழையதை முழுவதும் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்து அழுத்தினால் போதும். அதிகம் பூசினால் அதிகம் குளிரும் என்பது தவறு. உலோகத்தோடு ஒப்பிட்டால் பேஸ்ட் சூட்டைக் கடத்துவதில் மிகவும் பின்தங்கியது. இடுக்கை நிரப்பும் அளவுக்கு மேல் இருந்தால் அதுவே தடை.

## பெட்டி நிற்கும் இடம்

கணினி மேசை என்ற பெயரில் விற்கப்படும் மேசைகளில், கேபினெட்டை வைக்க மூன்று பக்கமும் பலகை அடைத்த ஓர் அறை இருக்கும். அதற்குள் பெட்டியைத் தள்ளி, பின்புறம் சுவரை ஒட்டிவிட்டால், பின்னால் தள்ளப்பட்ட சூடான காற்று போக இடமில்லாமல் சுற்றி வந்து மறுபடி முன்னால் நுழைகிறது. அறையில் 34 டிகிரி இருந்தாலும் அந்தப் பலகை அறைக்குள் 42 இருக்கலாம். வாய்க்கால் மட்டம் 8 டிகிரி உயர்ந்துவிட்டது. புராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாமே 8 டிகிரி ஏறும். பெட்டியை வெளியே எடுத்து, பின்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டு வைப்பதுதான் நான் அறிந்த மிக மலிவான சத்தக் குறைப்பு. தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு மணைமேல் வைத்தால் தரைத் தூசியும் குறையும்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கழற்றியே வைத்திருப்பது தவறு. பஞ்சு நேராக உள்ளே விழும், விசிறியின் சத்தமும் தடையில்லாமல் காதுக்கு வரும். ஆனால் சோதனைக்கு அது அருமையான வழி. வழக்கமான வேலையைக் கொடுத்து, தகடு மூடியிருக்கும்போது வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திறந்து பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரிதான் குறைந்தது என்றால் கேபினெட்டின் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது. பத்து டிகிரி குறைந்தால் கேபினெட் மூச்சுத் திணறுகிறது. முன்புறம் கண்ணாடியால் அடைத்த அழகுப் பெட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். முன்னால் காற்றை இழுக்க ஒன்றோ இரண்டோ, பின்னால் தள்ள ஒன்று என விசிறிகள் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் உள்நோக்கி ஊதும்படி மாட்டப்பட்ட பெட்டிகளும் உண்டு.

தண்ணீர்க் குளிர்விப்பான் பற்றி ஒரு வார்த்தை. அது சூட்டை ஒரு குழாய் வழியே வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கேயும் விசிறிகள்தான் அதை வெளியேற்றுகின்றன, கூடவே ஒரு பம்பும் ஓடுகிறது. மிக அதிக வாட் உண்ணும் புராசஸருக்கு அது பொருந்தும். பில் போடும் கணினிக்குத் தேவையில்லை.

## மோட்டாரையே மெதுவாக்குவது

மடையை அகலமாக்கினோம். கொட்டும் நீரைக் குறைத்தால் இன்னும் எளிதல்லவா? இதைப் பலரும் யோசிப்பதே இல்லை.

புராசஸர் உண்ணும் மின்சாரம் அதன் வேகத்தைப் பொறுத்து மட்டுமல்ல, அதற்குக் கொடுக்கும் வோல்டேஜின் இரண்டாம் அடுக்கைப் பொறுத்தும் கூடுகிறது. கடைசிச் சிறிதளவு வேகத்தைப் பெற வோல்டேஜை நிறைய ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே உச்சியில் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் சூடு மிக அதிகமாகக் குறையும். ஏஎம்டி புராசஸர்கள் பலவற்றில் ஈக்கோ மோடு என்றே ஓர் அமைப்பு உண்டு. 105 வாட் வகைப் புராசஸரை அது 65 வாட் வகைபோல நடந்துகொள்ளச் செய்கிறது. இன்டெல் கணினிகள் பலவற்றில் பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில், வாட் வரம்பைக் குறைக்கலாம். கிராபிக்ஸ் கார்டில் பவர் லிமிட்டை, அதாவது அது உண்ணும் வாட் வரம்பை, 80 விழுக்காடாக்கினால் வேகம் சில விழுக்காடுதான் குறையும். விசிறியின் மாற்றம் உடனே காதில் தெரியும்.

விண்டோஸில் எதையும் நிறுவாமல் செய்யக்கூடிய வழியும் உண்டு. பவர் பிளானின் கூடுதல் அமைப்புகளில், புராசஸரின் உச்ச நிலை 100 என்று இருப்பதை 99 ஆக்கினால் பெரும்பாலான கணினிகளில் டர்போ என்னும் கூடுதல் வேகம் நின்றுவிடும். கடித வேலை, டேலி, பிரவுசர் போன்றவற்றில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு இது சரிவராது; அவர்கள் வாட் வரம்பை மிதமாகக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## விசிறிக்குக் கட்டளை

இவ்வளவும் செய்த பிறகுதான் விசிறியின் வேகத்தில் கை வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால்தான் கணினி கெடுகிறது.

எந்த வெப்பநிலையில் எவ்வளவு வேகம் என்று மதர்போர்டு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதை ஒரு கோடாக வரைந்து காட்டுவார்கள். ஃபேன் கர்வ் என்று பெயர். அசுஸ் மதர்போர்டுகளில் கியூ-ஃபேன் என்றும், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்றும் பயாஸில் இதைக் காணலாம். கோடு 50 டிகிரியிலேயே செங்குத்தாக ஏறத் தொடங்கினால், நம் ஊர்க் கோடையில் சும்மா இருக்கும் கணினியே அந்த இடத்தில்தான் நிற்கும். பிரவுசரைத் திறந்தால் விசிறி சீறும், மூடினால் அடங்கும்.

அதைத் தள்ளிவையுங்கள். 60 டிகிரி வரை 35 விழுக்காடு வேகம், 70இல் 50, 80இல் 75, 88இல் முழு வேகம் என்பது நம் ஊருக்கு ஒரு நல்ல தொடக்கம். கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஏதோ ஒரு நாள் பஞ்சு அடைத்துக்கொண்டால் அதுதான் காக்கும்.

கோட்டைவிட முக்கியமான ஒன்று, வேகம் மாறுவதற்கான தாமதம். புராசஸர் சில்லு விரல்நகம் அளவுதான். ஒரு கோப்பைத் திறந்த அந்த நொடியிலேயே அதன் வெப்பநிலை பத்து பதினைந்து டிகிரி குதித்து, அடுத்த நொடியில் இறங்கிவிடும். அந்த நொடியில் விசிறி எழுந்து ஓடுவதால் ஒரு பயனும் இல்லை. ஹீட்சிங்க் இன்னும் சூடாகவே தொடங்கவில்லை. தாமதத்தை மூன்று முதல் ஐந்து நொடி ஆக்குங்கள். பயாஸில் இது ஸ்டெப் அப் டைம், ஸ்டெப் டவுன் டைம் போன்ற பெயர்களில் இருக்கும். ஏறி இறங்கும் தொல்லை இதனாலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

மாற்றிய பிறகு மார்கழியில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். சித்திரையில், மதியம் மூன்று மணிக்கு, வழக்கமான கடும் வேலையைக் கொடுத்து ஒரு முறை பாருங்கள். 85ஐத் தாண்டாமல் நின்றால் அந்தக் கோடு ஆண்டு முழுவதற்கும் பொருந்தும்.

## சத்தம் இன்னும் இருந்தால்

ஒரு செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு விசிறிக்கும் அருகில் கொண்டுபோங்கள். இறக்கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்திலிருந்து வருகிறது என்பது தெளிவாகிவிடும்.

உள்ளங்கையைக் கேபினெட்டின் பக்கத் தகட்டில் அழுத்தியதும் சத்தம் நின்றால், அதிர்வது தகடுதான். திருகை இறுக்குங்கள்; விசிறியை இரும்புத் திருகுக்குப் பதில் ரப்பர் ஊசியால் மாட்டுங்கள்; பெட்டிக்கு அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். கேபினெட்டின் உள்ளே ஒலி அடக்கும் ஸ்பான்ஜ் ஒட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. காற்று வழியை அது குறுக்குகிறது, நம் ஊரில் பஞ்சையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கனமான விளையாட்டு ஓடும்போது மட்டும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து கீச்சென்று கேட்பது விசிறி அல்ல. மின்சாரம் பாயும் சுருள்களின் அதிர்வு. அதனால் ஆபத்தில்லை. பவர் லிமிட்டைக் குறைத்தால் அது பெரும்பாலும் தணியும்.

காலையில் போட்டதும் கரகரவென்று தொடங்கி, சற்று நேரத்தில் அடங்கினால் விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது. மோட்டாரும் பம்பும் பிறக்கும் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்த ஒலியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும். பிறகு எண்ணெயில் பஞ்சு ஒட்டி முன்னிலும் மோசமாகும். மாற்றிவிடுவதே மேல். வாங்கும்போது பழைய விசிறியைக் கையோடு எடுத்துப்போய் அளவும் தடிமனும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மதர்போர்டில் நான்கு ஊசி இணைப்பு இருந்தால் நான்கு ஊசி விசிறியே வாங்குங்கள். வேகத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த அதுதான் வசதி. வீட்டுக்கு வந்து மாட்டும்போது, புராசஸர் விசிறியை மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதியுள்ள ஊசிகளிலேயே இணையுங்கள். வேறு இடத்தில் மாட்டினால் விசிறி சுற்றினாலும் மதர்போர்டு அதைக் காணாது. பல கணினிகள் தொடங்கும்போதே எச்சரிக்கை காட்டி நின்றுவிடும்.